மூன்றாம் நாள் பாக்கெட்

ஜூலை 8
இலஞ்சியில் சாரல் விட்டபாடில்லை. மாடியில் எதையும் காயப்போட முடியாது. உலர்த்தும் மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது. கேரட், பீன்ஸ் முடிந்தன. தக்காளி இன்னும் பிசுபிசுக்கிறது. இவரும் கூட்டாளி மசூது அண்ணனும் இமாச்சல் மலையில் ஆறு நாள் நடக்கப் போகிறார்கள். வழியில் கடை கிடையாது. பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு. அத்தனையும் என் பொறுப்பு.

ஜூலை 11
கோழிக் கொத்துக்கறியை வேகவைத்து, தட்டுகளில் பரப்பி மெஷினில் வைத்தேன். பத்து மணிக்குக் கரண்டு போனது. வந்தது மூன்றரைக்கு. கறி வெதுவெதுவென்று ஈரமாகவே இருந்தது. கொட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. மறுபடி ஓடவிட்டேன். மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. இனி என்ன ஆகும்?

ஜூலை 17
நாளைக்குக் கிளம்புகிறார்கள். மசூது அண்ணன் பையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "மலையில வச்சு ஒன் பேரச் சொல்லித்தான் சாப்பிடுவோம், தங்கச்சி."
கோழிப் பாக்கெட்டில் 'மூன்றாம் நாள்' என்று எழுதினேன்.

ஜூலை 26
இவர் போன் பண்ணினார். மூன்றாம் நாள் ராத்திரியே மசூது அண்ணனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மழையில் கீழே இறக்க இரண்டு நாள். கிட்னி வேலை செய்யவில்லையாம்.
மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. இவர் செவ்வாய்க்கிழமை கறி தொடமாட்டார்.
அய்யோ, நான் என்ன செஞ்சுட்டேன்.

ஆகஸ்ட் 4
திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டயாலிசிஸ். இவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லுகிறார்: "ஓடைத் தண்ணிய அப்படியே குடிச்சான். காய்ச்சிக் குடிலேன்னு நான் சொல்லல. எல்லாம் என்னாலதான்."
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 5
இன்றும் கறியைப் பற்றி இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16
வார்டுக்கு வெளியே மசூது அண்ணனின் மனைவி செய்யதலி பாத்திமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டு போனது, மறுபடி காயவைத்தது, எல்லாம்.
"தண்ணியா, கறியான்னு டாக்டராலயே சொல்ல முடியலக்கா." பிறகு மெதுவாக, "அந்தக் கறியத் தூரப் போட்டிருக்கலாம்லா?"
தலையாட்டினேன்.
"உங்க வீட்டு அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"
"இல்ல."
"சொல்லிருங்க. பாவம், தன்னாலதான்னு அழுதுட்டிருக்காவ."

ஆகஸ்ட் 17
சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்டார்: "பாக்கெட்ட என் கையில தரும்போது ஏன் சொல்லல?"
ஏன் சொல்லவில்லை? திட்டுவார் என்றா? இல்லை. மறந்தே போனேன். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்டோபர் 3
மசூது அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இனி எப்போதும் இப்படித்தான் என்றுவிட்டார்கள். இவர்தான் வண்டியில் கூட்டிப்போகிறார். என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். பால் கார்டு, கேஸ் புக்கிங் பற்றியெல்லாம். வீட்டில்தான் சாப்பிடுகிறார். ஒவ்வொரு கவளத்தையும் வாயில் வைக்கும் முன் மூக்கருகே கொண்டுபோகிறார். அப்படிச் செய்வது அவருக்கே தெரியவில்லை.