அப்பாவின் கையில் கத்தரி

அக்டோபர் 21

காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீட்டு முன்னால் இருக்கும், பெரிய பூப் பூக்கும் பியோனிச் செடிகளை வெட்ட ஆரம்பித்தேன். அம்மா இருந்தவரை இந்த வேலையில் யாரையும் கை வைக்கவிட மாட்டாள். அவள் போன பிறகு என் தலையில் விழுந்தது. நகரத்தின் நெரிசலில் பஸ் ஓட்டுகிற எனக்கு இந்தக் குச்சிகளின் முன்னால்தான் தயக்கம். காய்ந்த கொம்பா, உயிருள்ளதா என்று நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் கத்தரியை வைக்கிறேன். மண்ணிலிருந்து கிளம்பும் அடிமுளைகளையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் சத்தையெல்லாம் அவை உறிஞ்சிவிடும், வசந்தத்தில் பூ சிறுத்துப்போகும்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா சந்தையிலேருந்து வர்றதுக்குள்ள முடிச்சிரு. இல்லேன்னா என்னைத்தான் திட்டுவா."

சரிப்பா என்றேன். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவள் செத்ததுபோல் அழுதார். இனி சொல்ல மாட்டேன்.

நவம்பர் 8

வேலையிலிருந்து வந்தால் வெள்ளைப் பியோனி மொட்டையாக நிற்கிறது. அம்மா முதன்முதலில் நட்ட செடி. அப்பா கையில் சமையலறைக் கத்தரி. அடுத்த வசந்தத்துக்கான சிவந்த மொட்டுகள் எல்லாம் தரையில்.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டே, பெரியவளே. நான்தான் முடிச்சேன்" என்றார், பெருமையாக.

வீட்டில் இருந்த கத்தரி, கத்தி எல்லாவற்றையும் பஸ் டிப்போவில் என் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இப்போது வெங்காயத்தாள் நறுக்கக்கூட ஒன்றும் இல்லை, கையால் கிள்ளிப் போடுகிறேன்.

டிசம்பர் 30

அப்பாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

மொட்டுகள் உப்ப ஆரம்பித்துவிட்டன. வெள்ளைச் செடியில் மட்டும் ஒன்றுமில்லை.

தங்கை பெய்லிங் ஜெங்ஜோ நகரத்திலிருந்து போனில் பேசினாள். "அக்கா, இன்னும் எத்தனை நாள் இப்படியே ஓட்டுவே?"

"பஸ்ஸையா, அப்பாவையா?"

அவள் சிரிக்கவில்லை. முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறாளாம். பாத்திரம் கழுவ வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

மார்ச் 19

ஒரு கொம்புக்கு ஒரு மொட்டு. மற்றவற்றைக் கிள்ளி எறிய வேண்டும், அப்போதுதான் பூ பெரிதாக வரும். அம்மா பேசிக்கொண்டே கிள்ளுவாள். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிடுகிறேன். தவறானதைக் கிள்ளிவிட்டால்? ஒட்டவைக்க முடியுமா?

மார்ச் 24



மதியம் பாலத்தைத் தாண்டும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி நிறுத்தத்தில் எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கெங் அண்ணி. "ஓடி வா" என்றாள், அவ்வளவுதான்.

அப்பா சமையலறை ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறார். நேரே கெங் அண்ணன் தோட்டம். அவர்களுடைய கருஞ்சிவப்புப் பியோனியில் ஒரு மொட்டு விடாமல் கையாலேயே ஒடித்துவிட்டார். அடுத்த மாதம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். அந்தச் செடி முன்னால் நின்றுதான் படம் எடுப்பதாக இருந்தார்கள். குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் போனபோது அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பைகள் நிறைய மொட்டுகளோடு.

"என் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப வச்ச செடி இது" என்றார் கெங் அண்ணன். "உங்கப்பாவுக்கு மறதின்னா எங்களுக்குமா மறதி?"

மன்னிச்சிருங்கண்ணா என்றேன். எங்கள் செடியில் பூக்கிறதையெல்லாம் தருகிறேன் என்றும் உளறினேன்.

"உங்க வீட்டுப் பூவை வச்சு எங்க வீட்டுக் கல்யாணமா? ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள் அண்ணி.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, மெல்ல, "கொஞ்சம் அதிகமாவே எடுத்துட்டேனோ?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் கூட்டி வந்து கை கழுவிவிட்ட பிறகுதான் அந்த ஜன்னலைப் பார்த்தேன். இவர் எப்படி இதில் ஏறினார்? விழுந்திருந்தால்? இந்தப் பக்கம் திரும்பாமல் ரோட்டுப் பக்கம் போயிருந்தால்? — எனக்கு முதலில் அந்தச் செடிதானே மனசில் வந்துச்சு. அப்பா விழுந்திருப்பாரேன்னு தோணவே இல்லையே. என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 13

ஊர் முழுக்கப் பியோனி விழாவுக்கு வந்த கூட்டம். பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் தலையிலெல்லாம் பூவளையம். கம்பியைப் பிடிக்காமல் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பிரேக் போடவே பயமாக இருக்கிறது.

எங்கள் இளஞ்சிவப்புச் செடிகள் பூத்துவிட்டன. கெங் வீட்டில் இன்று கல்யாணம். டிப்போவிலிருந்து ஒரு கத்தரியைக் கொண்டுவந்திருந்தேன்; விடியும்போதே எல்லாப் பூவையும் வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் அவர்கள் வாசலில் வைத்தேன். சாயங்காலம் வாளி எங்கள் வாசலில் இருந்தது. கழுவி, துடைத்து, காலியாக.

ஏப்ரல் 29

பெய்லிங் லீவு போட்டு வந்திருக்கிறாள். நான் பஸ் ஓட்டப் போனேன், அவள் அப்பாவோடு இருந்தாள். திரும்பி வந்தபோது குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா அவளைத் திருடி என்று சொல்லி வெளியே தள்ளியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"தூரத்துல இருந்துக்கிட்டு சொல்றது எனக்குச் சுலபம்னுதானே நினைச்சே?" என்று கேட்டாள்.

"ஆமா. நினைச்சேன்" என்றேன்.

"சுலபம் இல்லேக்கா."

அவள் கையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். நாளைக்கு அந்த முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போகிறோம்.

மே 20

பூ உதிர்ந்த தலைகளையெல்லாம் வெட்டினேன். காய் பிடிக்கவிட்டால் செடி களைத்துப்போகும். இந்த வேலை எனக்கு இப்போது பழகிவிட்டது. வேறு எதுவும்தான் பழகவில்லை.

அப்பாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவரும் கூட உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக் கொடுத்தார். "யாரு ஊருக்குப் போறா?" என்று கேட்டார்.

மே 21

அப்பாவை இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 3

தூக்கம் வரமாட்டேன் என்கிறது. போன் அடித்தால் பாய்ந்து எடுக்கிறேன். விழுந்துவிட்டாரோ? யாரையாவது அடித்துவிட்டாரோ? அங்கே கேட்டால் நல்லாத்தான் இருக்கார் என்கிறார்கள். வேறு என்ன சொல்வார்கள்? இன்று பச்சை விளக்கு விழுந்தும் அப்படியே நின்றிருக்கிறேன், பின்னால் ஹார்ன் அடித்துத்தான் எழுப்பினார்கள்.

ஜூலை 28

கடும் வெயில். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. கரும்புள்ளி விழுந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தேன். இந்த மாதத்தில் கொம்பில் கை வைக்கக் கூடாது, அடுத்த வருஷத்து மொட்டு உள்ளே பிடிக்கும் நேரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கெங் அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"உங்கப்பா அங்க சரியா சாப்பிடறாரா?"

"நூடுல்ஸ் குழைஞ்சிருக்குன்னு சண்டை போடறாராம்."

"அப்ப நல்லாத்தான் இருக்கார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளரிக்காயை வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 24

செடிகளை வெட்டும் நாள் என்பதால் அப்பாவை ஒரு நாளைக்குக் கேட்டு அழைத்து வந்தேன். முந்தின நாளிலிருந்தே பயம். வீட்டைப் பார்த்ததும் திரும்பிப் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வேன்? பெய்லிங்கிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஆட்டுக்கறி சூப் வைத்தேன். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு இரண்டு கிண்ணம் குடித்தார். வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெள்ளைச் செடி அடியிலிருந்து புதுக் கொம்புகள் விட்டிருக்கிறது. உறுதியானவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். காய்ந்த கொம்பு ஒன்றைக் காட்டி, கத்தரியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்க செடி. நீங்களே வெட்டுங்கம்மா" என்றார்.

உங்க. நீங்களே.

வெட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமா வெட்டறீங்க என்றுகூடச் சொன்னார்.

வெயில் சுவரேறியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பொத்தான் போட ஆரம்பித்தார். "நேரமாச்சும்மா. வீட்டுக்குப் போகணும். சாப்பாட்டு மணி அடிச்சிருவாங்க."

இதுதானேப்பா வீடு — நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டேன்.

இல்லத்து வாசலில் என் கையை விட்டுவிட்டு வேகமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே சாப்பாட்டு மேசையில் ஒரு கிழவர் பக்கத்து நாற்காலியில் தொப்பியை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

"எங்கேய்யா போய்த் தொலைஞ்சே?"

"ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்லா சூப் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார் அப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து தோளைத் தட்டினான், தெரிந்த பையன்தான். "அக்கா, இறங்கலையா? என் வண்டியில இப்படிக் குறட்டை விட்டுத் தூங்கறீங்களே" என்றான்.