ஏரிக்கரையில் விஷ நெல்

தை 11, 1975. முதலமடை.

உடம்பெல்லாம் வலிக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

காலையில் ஏரியில் காட்டு வாத்துகள் செத்து மிதந்தன. ராத்திரியில் வந்து கதிரைத் தின்கின்றன என்று கொழுந்தனார் பூச்சிமருந்தில் நெல்லை ஊறவைத்துக் கரையோரம் இறைத்துவிட்டார். செத்ததைச் சிலர் கறிக்கு எடுத்துப் போனதாகக் கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பினேன். வீடு வீடாக ஓடினேன். களையெடுக்க வரும் ராமாத்தாள் வீட்டில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"எறக்கு ராமாத்தா! அது வெசம்."

"ஏனுங்கம்மா, புள்ளைங்க பசியோட காத்திருக்குதுங்களே?"

நானே சட்டியைக் கவிழ்த்தேன். பிள்ளைகள் அழுதன. நல்லவேளை, எந்த வீட்டிலும் யாரும் வாயில் வைத்திருக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தனார்தான் குழி வெட்டினார்.

"வெள்ளாமை போனா நாம என்னத்தைங்கண்ணி திங்கறது?" என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு ஒரு வாத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக எந்த ஊருங்கண்ணி?"

"வடக்க, பனி பெய்யற சீமைன்னு ரேடியோவுல சொன்னாங்க. இமயமலையத் தாண்டி வருதாம்."

"அத்தன தூரமா?" என்றவர் அதைக் குழியில் போடாமல் நின்றார். நான்தான் வாங்கிப் போட்டேன்.

இறைத்த நெல்லைக் கூட்டி அள்ளினோம். சேற்றில் அமிழ்ந்ததை எடுக்க முடியவில்லை. இருட்டியதும் தகர டின்னோடு அவர் ஏரிக்கரைக்குப் போய்விட்டார், வாத்துகளை இறங்கவிடாமல் விரட்ட. இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். கூரைக்கு மேலே சிறகுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பாவம், அவை எங்கே போய் இறங்கும்?