‘சரி’ என்ற சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் எனக் கோருதல்

அனுப்புநர்:
பழைய இரும்புக்கடைக்காரரின் மனைவி,
ஆண்கள் இதயப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்
(கட்டில் அவருக்கு, எனக்குக் கீழே பாய்).

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: என் கணவரின் இதய அறுவை சிகிச்சையை ரத்து செய்த உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பல் பிடுங்கிய பிறகு என் கணவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கடைத்தெருவில் ஆளுக்கொரு மாத்திரை சொன்னார்கள்; நானும் ஒருவர் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தேன். கிருமி இதய வால்வில் குடியேறியிருந்தது இங்கே வந்த பிறகே தெரிந்தது. அங்கே வளர்ந்த கட்டியின் துணுக்கு ஒன்று உடைந்து, இரத்தத்தோடு போய் மூளையை அடைத்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ‘சரி’ என்ற ஒரு சொல்தான் மிச்சம்.

2. விலை பேசியே பிழைத்தவர், ஐயா. முதலில் சொன்ன விலைக்குச் சரி என்றதே இல்லை. நான் சொன்னதற்கும் சொன்னதில்லை, தெருவே சாட்சி. இப்போது ஊசி போடட்டுமா என்றாலும் சரி, பெயர் என்ன என்றாலும் சரி.

3. மிச்சக் கட்டி ஆடிக்கொண்டிருக்கிறது, அடுத்த துணுக்கு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், வால்வை மாற்றியே ஆகவேண்டும் என்று தலைமை மருத்துவர் நாள் குறித்தார். நேற்று நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். நான் வாயாடி என்பது வார்டறிந்த செய்தி; தேவைப்பட்ட நேரத்தில் அந்த வாய் வரிசையில் நின்றது. அப்போது பணி மருத்துவர், “ஆபத்தான ஆபரேஷன்யா. வேணாம்னா வீட்டுக்குப் போயிடலாம். போறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பதில் தாங்கள் அறிந்ததே.

4. ‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்று எழுதிவிட்டார்கள். முறையிட்டேன். “அவரே சொன்னாரும்மா, என் காதால கேட்டேன்” என்றார் மருத்துவர். அவர் காதில் குறையில்லை. அந்தச் ‘சரி’ எதற்கும் வரும் என்று நிரூபிக்க, மருத்துவர் எதிரிலேயே என் கணவரிடம், “ஏங்க, நான் வேற கல்யாணம் பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டேன். “சரி” என்றார். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருக்கும் அம்மா, “இந்தத் தடவை நெஞ்சைத் தட்டிப் பாத்து வாங்குடி” என்றார். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். என் கணவரின் கண்ணோரம் மட்டும் நனைந்திருந்தது. அவருக்கு எல்லாம் புரிகிறது, ஐயா. மறுக்கத்தான் சொல் இல்லை.

5. மூளை அடைத்தவருக்கு அறுவை ஆபத்து என்பதை அறிவேன். பிழைப்பார் என்ற தைரியத்தில் இதை எழுதவில்லை. அது போன வாரமே தீர்ந்துவிட்டது. சொல்லாத சம்மதத்தோடு அவரை அனுப்பிவைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். என் கையொப்பத்தைப் பெற்று அறுவைக்கு உத்தரவிட வேண்டும். மாலைக்குள் கட்டிலைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன். வந்தால், அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்.

இடம்: வார்டு வராந்தா
நாள்: செவ்வாய், அறுவைக்குக் குறித்திருந்த நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
அவர் மனைவி