நீங்கள் ஒப்படைத்த டிசம்பர் வாரம்

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், அத்தான். உங்கள் காரியத்தன்று ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிப் பேசினார்கள். "பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஊர் ஊரா சுத்திக் காட்டுன மனுசன்" என்றார் உங்கள் தம்பி. அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசையில் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தேன். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

இப்போது மலைமேல் ரிங்லெட் ஊரில் ஒரு பாயின் ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மழை விட்ட காற்றில், மலைக்குப் பின்னாலிருந்து தேயிலை காயும் மணம் வருகிறது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவள் தலைமுடியில் இருந்த மணம் அது. வேலை முடிந்து வந்து, குளித்து, சீயக்காய் போட்டாலும் போகாது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தாளும் பேனாவும் வாங்கினேன்.

"என்ன சார், கடுதாசியா? யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"அக்கா வீட்டுக்காரருக்கு."

"போன் போட்டா முடிஞ்சதுலா."

"எடுக்க மாட்டாரு."

"ஓ, கோவமா!" என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டி தட்டப் போய்விட்டார். நான் மறுக்கவில்லை.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு பார்த்த பெரிய கிராணியின் மகன் கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கட்டினார் என்பது அன்று தோட்டம் முழுக்கப் பேச்சு. உங்கள் அப்பா ஒரு வருடம் கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் அசையவில்லை. அக்காவை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு இறங்கினீர்கள், துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டீர்கள். அதற்காக உங்களை மதித்தேன். பிற்பாடு உங்கள்மேல் அவ்வளவு கோபம் வந்ததற்கும் அந்த மதிப்புதான் காரணம். மதிக்காத ஆளிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் காலையில் இலவசப் பசியாறல் என்று விடுமுறை வீடு விற்பவர்கள் கூப்பிட்டார்கள், போனீர்கள். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான், உங்க அக்காவுக்கு மலையில வீடு வாங்கிட்டேன்!"

"வீடா?"

"வருசத்துக்கு ஒரு வாரம்லா. டிசம்பர்ல. நம்ம தோட்டத்துக்கு எதிர்த்தாப்புல. பால்கனியில நின்னா அவ கொழுந்து எடுத்த மலை அப்படியே தெரியும்."

பின்னால் வந்த அக்கா சிரித்தாள். "அப்ப மேல நின்னு பாத்தா, கீழ நான் இன்னும் கூடையோட நிப்பேனா?" என்று கேட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு வாரத்துக்காக அவள் அன்றிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினாள்.

அந்த வருடமே நீங்கள் வாரப் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்தீர்கள். என் சாப்பாட்டு மேசையில் டிஷ்யூ தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். நம் வாரத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால், வேறொரு ஊரில் வேறொருவர் ஒப்படைத்த வாரம் நமக்குக் கிடைக்கும். பள்ளி விடுமுறை டிசம்பரில், குளிர் மலையில் ஒரு வாரம் என்றால் எல்லோரும் போட்டி போடுவார்கள். அதனால் நமக்குப் பெரிய வீடாகவே தருவார்கள். சீக்கிரம் ஒப்படைத்தால், மேற்கொண்டு ஒரு போனஸ் வாரச் சான்றிதழும் உண்டு.

"நம்ம வாரத்துக்கு இருக்குற மவுசு உனக்குத் தெரியாது மச்சான். நீ காலேஜ்ல பாடம் நடத்து, இதெல்லாம் எங்கிட்ட விட்டுரு" என்றீர்கள்.

முதல் வருடம் லங்காவி. பிறகு பினாங்கு. பிறகு தாய்லாந்து. பிள்ளைகள் கடலில் குளித்தார்கள். அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற படம் உங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை.

போனஸ் வாரங்களையும் மறக்கவில்லை. ஆளில்லாத காலத்துக்குத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை நீங்கள் முதலில் கவனிக்கவில்லை. திரங்கானுவில் கடலோர வீடு, நவம்பர் மாதம். கடலில் இறங்கக் கூடாதென்று கரையில் சிவப்புக் கொடி. நான்கு பேர் தங்க வேண்டிய வீட்டில் உங்கள் தம்பி குடும்பம், என் குடும்பம் எல்லாம் சேர்ந்து அடைந்து கிடந்தோம். கதவுக்கடியில் மழைத் தண்ணீர் வந்தது. அக்கா இரண்டு அடுப்புள்ள சின்னச் சமையலறையில் நெத்திலி சம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஓசியில கெடச்ச வாரம் மச்சான், அனுபவி!"

"மழையும் ஓசியா அத்தான்?"

"வாத்தியாருக்கு எதுலயும் குத்தம்தான்" என்று எல்லோரும் சிரிக்கும்படி சொன்னீர்கள். அன்றைக்கு இரவு அக்கா என்னிடம் மட்டும், "டிசம்பர்ல மேல போவோம்ல தம்பி?" என்று கேட்டாள். அந்த வருட டிசம்பர் வாரத்தையும் நீங்கள் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

தெரிந்த பிறகும் அவள் சண்டை போடவில்லை. "சரி, அந்த ஓசி வாரத்துலயாவது நம்ம மலைக்குப் போவோமே" என்றாள். நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்கள். வருடா வருடம் நடந்தது இதுதான்: சொந்த வாரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அதே இடத்துக்கு இலவசச் சான்றிதழில் இடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மலையில் இடம் காலியாக இருந்தால் அல்லவா போனஸில் தருவார்கள்? காலியாக இல்லாததால்தானே உங்கள் வாரத்துக்கு அத்தனை மவுசு? போனை வைத்துவிட்டு, "கெடைக்கலலா, அடுத்த வருசம் பாப்போம்" என்பீர்கள். அந்தச் சான்றிதழையும் வீணாக்க மாட்டீர்கள். ஒருமுறை என் மனைவி, பிள்ளை பிறந்த களைப்பில், ஒரு வாரம் எங்காவது போய்வரலாமா என்று கேட்டாள். நீங்கள் அந்த வருடச் சான்றிதழை உங்கள் தம்பி பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். இதையும் நான் மறக்கவில்லை.

நீங்கள் கருமி இல்லை. கருமியாக இருந்திருந்தால் உங்களைப் புரிந்துகொள்வது சுலபம். கையில் நல்லது ஒன்று கிடைத்தால், அதை நாமே செலவழிப்பது உங்களுக்கு வீணடிப்பதாகத் தோன்றும். கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பைகள், நீங்கள் போன அன்றுதான் வெளியே வந்தன. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதில் காப்பி கொடுத்தார்கள்.

ஒரே ஒருமுறை உங்களிடம் நேராகவே கேட்டேன். ஏன் ஒரு வருடமாவது அவளை அங்கே கூட்டிப் போகக் கூடாது என்று. கார் கழுவிக்கொண்டிருந்தீர்கள், நிமிரவில்லை.

"அவளத் தோட்டத்துலேருந்து வெளிய கூட்டிட்டு வந்தவன் நான். திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்றியா மச்சான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். விளையாட்டா, வினையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் பிறந்த இடத்தை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? நானும் அங்கே பிறந்தவன்தானே?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். "இந்த வருச வாரத்த டெபாசிட் பண்ணியாச்சு மச்சான். போனஸ் வரும். அதுல அக்காவ மேல கூட்டிட்டுப் போ." மூச்சு வாங்கியது. உண்மையாகவே சொன்னீர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

சான்றிதழ் உங்கள் காரியம் முடிந்த பிறகு வந்தது. அக்கா சொல்லி நான்தான் போன் போட்டேன். டிசம்பரில் அந்த மலையில் இடம் வேண்டும் என்றேன். போனில் பேசிய பெண் மரியாதையாகவே பதில் சொன்னாள்: "இல்லைங்க சார். உங்க வாரத்துலயே வேற மெம்பர் தங்கப் போறாங்க."  அந்த டிசம்பரும் போய்விட்டது.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, வர்ற டிசம்பர் வாரத்த டெபாசிட் பண்ணணும்னு ஞாபகப்படுத்துறாங்கடா. அத்தான் பண்ற மாதிரியே பண்ணிரட்டா? அவருக்கு அதான புடிக்கும்."

"உனக்கு என்னக்கா புடிக்கும்?"

"எனக்கென்ன, முட்டி வலி. நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

அதனால்தான் இன்று தனியாக மேலே வந்தேன். காலையில் அந்தக் கட்டடத்தின் எதிரே வண்டியை நிறுத்திப் பார்த்தேன். நம்முடையது எந்த மாடி என்று தெரியவில்லை. ஒரு பால்கனியில் யாரோ குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள். பனி விலகியதும் எதிரே எங்கள் மலை தெரிந்தது. இப்போது வங்காளதேசத்து ஆட்கள் மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறார்கள். நீங்கள் சொன்னது பொய்யில்லை அத்தான், அப்படியே தெரிகிறது. உள்ளே லிப்ட் இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டேன். இருக்கிறதாம்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கார் கழுவிக்கொண்டே நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பதில் தேடியே இத்தனை வருடம் போய்விட்டது. இன்று கிடைத்திருக்கிறது. அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லவில்லை. ஒரு வாரம் மேலே நின்று பார்க்கவிடச் சொன்னேன். அவ்வளவுதான்.

இதைக் கிள்ளான் வீட்டு முகவரிக்கு உங்கள் பெயரிலேயே அனுப்பப் போகிறேன். உங்களுக்கு வரும் தபாலையெல்லாம் அக்கா இன்னும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டு வாசிக்கிறாள். தண்ணீர் பில்லைக்கூட விடுவதில்லை. இதையும் வாசிப்பாள். ஆகவே அக்கா, இது உனக்கு: இந்த வருடம் வாரத்தை யாருக்கும் கொடுக்காதே. டிசம்பரில் நான் வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

இனிக் கீழே பெயர் எழுத வேண்டும். பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடுவது வழக்கம். போட்டால் அந்தச் சொல்லையும் அக்கா உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நீங்கள் உயிரோடு இருந்தவரை அதை நான் உங்களிடம் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. இப்போது அவள் வாயால் அதைச் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரியும். பெயர் போடாமல் அப்படியே தபாலில் சேர்க்கிறேன்.