குல்லாவின் மேல் வைத்த காதுமூடி

ஆர்.கே.புரம், டெல்லி
23 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பா எழுதுவது,

அம்மா நலம். என்னைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் எழுத முடியாத காரணம் கீழே வருகிறது. நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புவதாக எழுதுவதுதான் முறை, ஆனால் நீ நலமாக இல்லை என்பது இன்று காலை பத்தரை மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்தியை அவள் சமையலறையில், எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக வைத்துக் கேட்டாள். துப்பாக்கி சுட்டுவிட்டு வந்தால் காதில் ஈஈ என்று ஒரு சத்தம் வருகிறது, இரண்டு நாள் போவதில்லை என்றாய். அதற்குப் பிறகு, "அப்பாட்ட சொல்லாதம்மா ப்ளீஸ், லெக்சர் ஸ்டார்ட் பண்ணிடுவார்" என்றாய். உன் கணிப்பு சரி. இதுதான் அந்த லெக்சர்.

நான் கோபமாக இருக்கிறேன். சத்தம் போடுகிற கோபம் அல்ல, முப்பது ஆண்டுகளாக அமைச்சகத்தில் அடுத்தவர்களின் தவறுகளுக்குப் பத்தி எண் போட்டு எழுதியவனின் கோபம். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பேருந்தில் நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவாய், தொலைபேசியில் சொன்னால் "அச்சா அச்சா" என்பாய். தபாலில் போட்டால் கால்கரிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும், அதற்குள் உனக்கு மூன்று சனிக்கிழமைகள் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், உட்கார்ந்து முழுவதும் படி.

குரல் செய்தியோடு நீ அனுப்பிய படத்தையும் அம்மா காட்டினாள். பனி கொட்டிக் கிடக்கிற மைதானம், கையில் ரைஃபிள், தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் காதுமடல் மறைய இழுத்துவிட்டு அதன்மேல் காதுமூடி, கண்ணில் தினமும் போடுகிற அதே சாதாரணக் கண்ணாடி. "பாருங்க, அப்படியே உங்கள மாதிரியே நிக்கா" என்று அம்மா பூரித்துப்போனாள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உண்டானதை எழுத, எனக்குத் தெரிந்த அலுவலகத் தமிழில் சொல் இல்லை.

நான் காதுமூடி வாங்கிய கதையை உனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போன இயற்பியல் முதுகலைப் பட்டதாரி, முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன்பே நாற்பது நாள் ஆராய்ச்சி செய்தான். எந்த மூடி எத்தனை டெசிபெல் குறைக்கும், எந்தக் கண்ணாடி எவ்வளவு வேகத்தில் வருகிற துண்டைத் தாங்கும் என்று ஏழு பத்தி உள்ள ஒப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தயாரித்து அதையே கடைக்கும் எடுத்துப்போனான். கடைக்காரர் சேட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப், பேட்டீ கா ரிஷ்தா டூண்ட் ரஹே ஹோ யா கான் கா டக்கன்?" என்று கேட்டார். காதுக்கு ஒரு மூடி வாங்க வந்த நான் கேட்ட அளவுக்கு, மகளுக்கு வரன் தேடுகிறவன்கூடக் கேள்வி கேட்டிருக்க மாட்டான் என்பது உண்மைதான். இருந்தும் அன்று வாங்கியவற்றில் குறையே கிடையாது. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி, நம் ஊர்ப் புகைமூட்டத்தில் இலக்கு துலங்க அதற்கு ஒரு மஞ்சள் வில்லை. காதுக்கு, பேச்சை உள்ளே விட்டு வெடிச் சத்தத்தை மட்டும் வெட்டுகிற மின்னணுக் காதுமூடி. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இதைப் பார்த்தவர்கள் என்னைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். நானும் விடவில்லை, பன்னிரண்டு விதிகளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே என் பெயரையும் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஜனவரி வந்தது. டெல்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகியும், பனி தலையில் இறங்கினால் மறுநாளே படுக்கை என்கிற நம் வீட்டு நம்பிக்கை என்னை விட்டுப் போகவில்லை. பஞ்சாபிக்காரர்கள் வெறும் தலையோடு நிற்க, நான் ஒருவன் மட்டும் கண்ணும் மூக்கும் தவிர எல்லாம் மறையும்படி மங்கி கேப் போட்டு, அதன்மேல் அந்த உயர்ந்த காதுமூடியை வைத்து அழுத்திக்கொண்டேன். இரண்டு குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் சுட்டேன். காதுமூடியின் மெத்தை தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அது மூடி, நடுவே கம்பளி நுழைந்துவிட்டால் சத்தம் அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்விடும். பள்ளி மாணவனுக்கும் விளங்குகிற இந்த விஷயம் முதுகலைப் பட்டதாரிக்கு விளங்கவில்லை. என் பன்னிரண்டு விதிகளில் குல்லாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இந்த ஆண்டு பிப்ரவரியில் வீட்டில் ஓயாமல் ஒரு கீச்சொலி கேட்கத் தொடங்கியது. முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டு அதை நிறுத்தினேன், அம்மா வைத்திருந்த தோசை மாவு புளித்து வீணானது. அடுத்து வாசலுக்கு எதிரே உள்ள டிரான்ஸ்ஃபார்மர்தான் என்று முடிவு செய்து குவார்ட்டர்ஸ் பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தேன், பிறகு முதல் நினைவூட்டல், அதன் பிறகு இரண்டாம் நினைவூட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எலக்ட்ரீஷியன் வந்தார். அந்த நேரம் பார்த்து செக்டார் முழுவதும் மின்சாரம் போயிருந்தது. "கேட்கிறதா, இதோ, இப்போதுகூடக் கேட்கிறதே" என்று சுவரைச் சுட்டிக் காட்டினேன். அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு, "சாப், பிஜ்லீ ஹீ நஹீன் ஹை. ஆவாஸ் ஆப்கே அந்தர் ஸே ஆ ரஹீ ஹை" என்றார். மின்சாரமே இல்லாதபோது அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்துதானே வரவேண்டும். டெல்லியில் எனக்குக் கிடைத்த முதல் சரியான மருத்துவ ஆலோசனை அதுதான்.

மார்ச் மாதம் அம்மாவுக்குத் தெரியாமல் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன். சோதித்தவள் ப்ரீதா என்று ஒரு பெண், முனிர்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சின்னச் சின்ன ஒலிகளை அனுப்பினாள். அவள் எடுத்த வரைபடத்தில் நாலாயிரம் ஹெர்ட்ஸில் இடது காதின் கோடு கீழே போய்க் கிடந்தது. வலது கைக்காரன் ரைஃபிள் பிடித்தால் இடது காதுதான் குழல் முனையின் பக்கம் வரும். எப்படிப் போட்டுக்கொள்வீர்கள், காட்டுங்கள் என்றாள். காரிலிருந்து ரேஞ்சுப் பையை எடுத்து வந்து, பழக்கத்தில் முதலில் மங்கி கேப்பை மாட்டினேன். "சார், இது மேலயா போடுவீங்க? அச்சா... அப்ப சத்தம் ஆராம்ஸே, சாவகாசமா உள்ள போயிருக்கும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் சற்றுத் தாங்கியிருப்பேன். போனது போனதுதான், இனி போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காதில் அழுக்கு, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

இதுவரை எழுதியது வேடிக்கை. இனி எழுதுவதை இரண்டு முறை படி. சென்ற டிசம்பரில் நீ வந்திருந்தபோது உன்னை ரேஞ்சுக்கு அழைத்துப்போனேன். உனக்குக் குல்லா போடப் பிடிக்கவில்லை, முடி கலையும் என்று தட்டிவிட்டாய். அதை உன் தலையில் இழுத்து மாட்டியது நான். அதன்மேல் காதுமூடியை வைத்து, இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, "இப்போ பர்ஃபெக்ட்" என்றதும் நான். அங்கே போய் நீ கற்றதை அப்படியே செய்கிறாய். நான் செய்தது பிழை என்று மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். அன்றே உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் என் காது போன கதையையும் சொல்ல வேண்டும், உனக்கு விதிகளைப் படித்துக் காட்டியவன் கம்பளிக் குல்லாவில் தோற்றான் என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ அம்மாவிடம் மறைத்துவைக்கச் சொன்னது ஒரு குரல் செய்தியை. நான் உன்னிடம் மறைத்தது அதைவிடப் பெரியது. என் கோபம் யார்மேல் என்று இனியும் நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

வரும் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகாதே. அதற்கு முன்னால் ஒரு காதுச் சோதனைக்கு நேரம் வாங்கு. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நீ சுடுவதை நான் தடுக்கப்போவதில்லை, நன்றாகச் சுடுகிறாய். ஆனால் அப்போது முதலில் காதுக்குள் வைக்கிற நுரைச் செருகியைப் போடு. விரலில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடி, பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டதாகக் கணக்கில்லை. அதன்மேல் காதுமூடி, வெறும் தோலின்மேல், முடியையும் பின்னால் ஒதுக்கிவிட்டு. குளிருக்கு ஜாக்கெட்டின் தொப்பியைக் காதுமூடிக்கு மேலே போட்டுக்கொள். உன் கண்ணாடியின் தடித்த காம்பும் மெத்தையைத் தூக்கிவிடும், அதனால் மெல்லிய காம்புள்ள, பவர் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியாக வாங்கு. சாதாரணக் கண்ணாடி துண்டு பட்டால் உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும். விளிம்புள்ள தொப்பி ஒன்றும் வேண்டும். போன ஏப்ரலில் என் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே பக்கத்து ஆள் சுட்ட தோட்டாவின் சூடான காலி உறை வந்து விழுந்தது, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தை அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

இதை எழுதத் தொடங்கும் முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "டீவிய ஏன் தெரு முழுக்கக் கேக்குத மாதிரி வைக்கீங்கன்னு கேட்டப்ப ஏதேதோ சொல்லி மழுப்புனீங்க. உங்க காது உங்க பாடு. எம் புள்ள காதையும் சேத்துல்லா மூடி வச்சிருக்கீங்க" என்றாள். மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு மலை மந்திர் கோயிலுக்குப் போய்விட்டாள், இன்னும் வரவில்லை. ரேஞ்சில் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிவிட்டேன், விலகுவதற்கு முன்பு குல்லாவைப் பற்றிய பதின்மூன்றாம் விதியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அதைக் கொண்டுபோய் மாட்டும்போது காரணத்தையும் எல்லோருக்கும் நானே சொல்லப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

என் காதுச் சோதனைத் தாளையும் படமெடுத்துக் கடைசியில் சேர்த்திருக்கிறேன். இடது பக்கக் கோட்டைப் பார். உன்னுடையது வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு, கோடு எங்கே விழுந்திருந்தாலும் மறைக்காதே, நானும் இனி மறைக்க மாட்டேன். உன் கண்ணும் காதும் நீடித்துத் தெளிவாக இருக்கட்டும், நல்லது எல்லாம் உனக்கு நடக்கட்டும். பன்னிரண்டு விதி எழுதியவனின் வாழ்த்து எவ்வளவு பலிக்கும் என்று தெரியாது, எதற்கும் அம்மா கோயிலிலிருந்து விபூதியோடு வருவாள். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு, அம்மாவின் எண்ணுக்கு வேண்டாம், என் எண்ணுக்கு. போனை வலது காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாணிக்கவாசகம்