வேனுக்குப் பின்னால் நின்று பார்த்த இத்தாலி

அம்மா, என் அம்மா,

உனக்கு எழுத உட்கார்ந்தாலே அழுகை வரும். இன்றைக்கு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். பாதி அப்பாமேல், பாதி உன்மேல்.

கிறிஸ்துமஸ் லீவில் இத்தாலிக்குப் போனோம். எதிர்வீட்டு சுசீலா ஆன்ட்டியும் மோகன் அங்கிளும்தான் இழுத்தார்கள். இங்கே பிரிட்ஜ்வாட்டரில் வீட்டிலேயே கிடந்தால் அப்பாவுக்கு ஆகாதாம். உன் வருஷத் திதி வருவதற்குள் மலை ஏறலாமா என்று அப்பா தயங்கினார். "கோவில் இருக்கற மலைக்குத்தான் போகக்கூடாது சார், இதுல வெறும் பனிதான்" என்றார் அங்கிள். ரொம்ப நாள் கழித்து அப்பா சிரித்தார்.

போல்சானோ என்ற ஊரில் ஓட்டல். ஒருநாள் அங்கிருந்து வேன் எடுத்துக்கொண்டு மூன்று மலை ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. விடியும்போதே எழுந்து ஓட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைத்தேன். புளியோதரை, தயிர்சாதம். யாரும் செய்யச் சொல்லவில்லை. நீ இருந்தால் செய்திருப்பாய், அதனால் நான் செய்தேன்.

முதல் ஊர் ஓர்டிசேய். தெரு முழுக்க மரப்பொம்மைக் கடைகள் என்று மற்றவர்கள் வந்து சொன்னார்கள். நான் வேனின் பின்கதவைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்தது செல்வா. அங்கே பேப்பர் தட்டுகள் காற்றில் பறந்தன. பனியில் ஓடி ஓடிப் பொறுக்கினேன். நான் பார்த்த செல்வா அதுதான்.

அங்கிருந்து கிளம்பி வளைவுகளில் ஏறும்போது ஆன்ட்டி அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

"சுமதி திரும்ப ஸ்கூலுக்குப் போறாளா சார்?"

"எங்கங்க! நித்யாவை யார் பாத்துக்கறது? அவளும் ஒண்ணும் கேக்கலை."

"கேக்கமாட்டா. அப்படியே அவ அம்மா. தங்கம்!"

டென்த் கிரேடு பாதியில் என்னை நிறுத்தியபோது, "தங்கச்சி கொஞ்சம் பழகற வரைக்கும்தான், அப்புறம் போகலாம்" என்றவர் அப்பா. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வேனிலும் அப்படித்தான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அப்படியே அம்மா! நீ எங்களை விட்டுப் போன பொங்கல் அன்றைக்கு உனக்கு நெஞ்சு வலித்தது. வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நின்றுகொண்டே பரிமாறினாய். யாருக்காக அம்மா? அவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? என்னைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தாயா?

மூன்றாவது ஊர் கனாசேயில் பசி நேரம். எல்லாரும் வேனைச் சுற்றி நின்றார்கள். குளிரில் சாதம் விறைத்துப்போய்க் கரண்டி இறங்கவில்லை. நான் கையை ஊதிக்கொண்டபோது ஆன்ட்டி கரண்டியை வாங்கி நித்யாவிடம் கொடுத்தார். "அக்காவுக்கு ஹெல்ப் பண்ணு பாப்பா." அவளும் குஷியாக, "ஹூ வாண்ட்ஸ் கர்ட் ரைஸ்?" என்றாள்.

"பாத்தீங்களா, அடுத்த அம்மா ரெடி!" ஆன்ட்டி கைதட்டினார்.

அவளுக்கு ஏழு வயசுதான் அம்மா.

கரண்டியைப் பிடுங்கி அப்பா கையில் வைத்தேன். "நீங்க போடுங்கப்பா. நான் ஸ்கூலுக்குப் போகணும்."

"இப்பவா?" என்றார் அங்கிள். "லீவும்மா."

அப்பா முகம் சிவந்தது. "எல்லார் முன்னாடியும் பேசற பேச்சா இது?"

"எல்லார் முன்னாடியும்தானே நான் ஒண்ணும் கேக்கலைன்னு சொன்னீங்க? இப்பக் கேக்கறேன்."

நித்யாவை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். உறைந்துபோன குழாயடி. ஜன்னலில் ரொட்டி அடுக்கிய கடை. பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போகிற பெண்கள். அவ்வளவுதான். ஆனால் நானே பார்த்தேன்.

நயாகராவில் எடுத்த படங்களில் நீ ஒன்றில்தான் இருக்கிறாய். காருக்குப் பின்னால், பாத்திர மூடியோடு. நீ அருவியைப் பார்த்தாயா அம்மா? பார்க்கவேண்டும் என்று ஆசை இருந்ததா? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை?

ஊர் திரும்பிவிட்டோம். ஸ்கூலுக்கு போன் பண்ணினேன், நானே. அப்பா என்னோடு வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அப்பாவிடம் சொன்னபோது டிவி சத்தத்தைக் கூட்டினார். மறுநாளும் சொன்னேன். "நித்யா?" என்றார். "அவ நம்ம ரெண்டு பேர் பொறுப்புதானே?" என்றேன். "பாக்கலாம்" என்றார்.

நாளைக்கும் கேட்பேன். அவர் ஸ்கூலுக்குக் காரை எடுக்கும்வரை கேட்பேன். செத்தாலும் உன்னை மாதிரி இருக்கமாட்டேன் அம்மா. இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய பாக்கி வைத்திருக்கும்
உன் மூத்தவள்,
சுமதி