கழுத்தில் காய்ந்த சுண்ணாம்பு

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சம்பா அறுவடை முடிந்து நவரை நட்டாயிற்று. மானாம்பதிக் கழனியில் இப்போது அண்ணிதான் மோட்டார் போடுகிறாள். உன்னைவிட ஒழுங்காகவே செய்கிறாள், கோபப்படாதே.

உன் சிகிச்சைப் புத்தகத்தை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. ஹெச்.ஐ.வி. என்று தெரிந்தபோது உன் சிடி4 எண்ணிக்கை பாதாளத்தில் கிடந்தது. கிருமியோடு சண்டை போடும் அணுக்களின் கணக்கு அது என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். மாத்திரை போடப் போட அது ஏறியது. ஒவ்வொரு முறையும் மார்க் ஷீட் மாதிரி திறந்து காட்டுவாய்.

அதனால்தான் கழுத்தில் கட்டி வந்தபோது நாம் பயப்படவில்லை. "கவுண்ட் ஏறிக்கீது பாப்பா. இது சும்மா நெறி கட்டிக்கினு கீது. சுண்ணாம்பு போடு" என்றாய். மஞ்சளோடு குழைத்து மூன்று மாதம் என் கையாலேயே போட்டேன். மாத்திரை வாங்கப் போகும் நாளில் மட்டும் அதைக் கழுவிவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு போவாய். பார்த்தால் அட்மிட் பண்ணிவிடுவார்கள், நடவு கெட்டுவிடும் என்று உனக்குக் கவலை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கடைசியில் நிணநீர்ப் புற்று என்றார்கள். "இவ்வளவு எண்ணிக்கை இருக்கிறவங்க சிகிச்சையைத் தாங்குவாங்கம்மா. முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்றார் டாக்டர். அதற்குள் நெஞ்சு வரை பரவியிருந்தது. கீமோ ஏற ஏற எண்ணிக்கை இறங்கியது. நீ புத்தகத்தைத் திறந்து காட்டுவதை நிறுத்திவிட்டாய்.

இந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது அண்ணா?

போன வாரம் அண்ணி தாடைக்குக் கீழே தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே மாத்திரை, அதே மாதிரி புத்தகம். "என் கவுண்ட் நல்லா கீது. நெறிதான். களை எடுக்கிற நேரத்துல இன்னா பேஜாரு?" என்றாள். நீ பேசியது போலவே இருந்தது. சுண்ணாம்பு டப்பாவைக் குப்பையில் வீசிவிட்டு, அவளைத் திட்டித் திட்டி காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ரிசல்ட்.

ரிசல்ட் எதுவானாலும் அவளைக் கழுத்தை மூட விடமாட்டேன். டாக்டர் முன்னால் முந்தானையை நானே விலக்கிக் காட்டுவேன். உனக்கு அதைச் செய்யவில்லையே அண்ணா.

உன் கழுத்தில் சுண்ணாம்பு தடவிய தங்கச்சி,
செல்வி